அப்பா எழுதிய பாட்டுகளை 3,000 வெள்ளிக்கு மொத்தமாகக் கேட்கிறார்கள். விற்றுவிடலாமா, கையில் வைத்தே சம்பாதிக்க வழி இருக்கிறதா?

சிப்புட்_பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்தவர், 2011ல் தவறிவிட்டார். சாயங்காலம் செக்ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேட்டை) மூடி வைத்தாரானால் அடுத்த வேலை பாட்டு எழுதுவதுதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்து போனவர்களுக்கு என்று நாற்பதுக்கு மேல் எழுதியிருக்கிறார். அதில் பன்னிரண்டை 1994ல் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்து கேசட்டாகப் போட்டார். ஐந்நூறு அடித்தார், இருநூறு போயிருந்தால் பெரிது. மிச்சம் சொந்தக்காரர்கள் வீட்டு அலமாரியில் தூங்குகிறது.

போன தீபாவளிக்கு ஓர் உறுமி மேளக் குழு அதில் ஒரு பாட்டை வேகம் கூட்டி, நடுவில் ஒரு பெண் குரல் சேர்த்து, யூடியூபில் போட்டிருக்கிறது. அப்பா பெயர் எங்கேயும் இல்லை. 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருக்கிறார்கள். தங்கை மகன்தான் டிக்டாக்கில் கேட்டுவிட்டு "மாமா, இது தாத்தா பாட்டு" என்று ஓடி வந்தான். குழுப் பையன்களைப் பிடித்துப் பேசினேன், மரியாதையாகத்தான் பேசினார்கள், உண்மையிலேயே பழைய பாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனத்தில் இருந்து போன். கேசட்டில் வந்தது, வராதது எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி, ஒரே கையெழுத்து, எல்லா உரிமையும் அவர்களுக்கு. மூன்று பக்கம் ஆங்கிலத்தில் அனுப்பியிருக்கிறார்கள். உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இனிமேல் வரப்போகிற எல்லாத் தொழில்நுட்பத்திலும் என்று அதில் ஒரு வரி. அந்த 'என்றென்றைக்கும்' வந்த இடத்தில் எனக்குப் பேனா ஓடவில்லை.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம், கேட்கிறதோடு கேட்டுவிடுகிறேன். அம்மா இருபது வருடமாக இறைச்சி மசாலா, மீன் மசாலா அரைத்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறார். பாக்கெட்டில் எங்கள் குடும்பம் வைத்த பெயர் இருக்கும், எங்கேயும் பதியவில்லை. பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக் கடைக்காரர், பெயரையும் செய்முறையையும் கொடுங்கள், நானே அரைத்து விற்று பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று தருகிறேன் என்கிறார். என் மச்சான் ஒருவர் செம்பனைக் குலை அறுக்கிற நீட்டுக் கம்பின் தலையில் ஏதோ மாற்றம் செய்து, தோள் வலி குறைகிறது என்று டிக்டாக்கில் காட்டினார், இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

அறிவுசார் சொத்து, ராயல்டி என்றெல்லாம் பேப்பரில் படிக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் நிஜமாகவே காசு இருக்கிறதா? அல்லது 3,000 வெள்ளியை வாங்கி அம்மாவுக்குப் பல் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாமா?

மீட்டர்_மணி எழுதியது:

வாங்கிக்கொள் தம்பி. அலமாரியில் தூங்குகிற கேசட்டுக்கு மூவாயிரம் எவன் தருவான். ராயல்டி கீயல்டி எல்லாம் கோலாலம்பூர்க்காரன் கதை லா.

பைல்கட்டு எழுதியது:

மணி அண்ணே, அலமாரியில் தூங்குகிற கேசட்டுக்கு அவன் ஏன் தேடி வந்து மூவாயிரம் தருகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள். நான் வக்கீல் இல்லை, ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினாறு வருடமாக பைல் கட்டுகிறவள். நான் சொல்வதை வைத்துக்கொண்டு வக்கீலிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

விற்பதா வைத்துக்கொள்வதா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், விற்க அது உங்களுடையதா என்று பார்க்க வேண்டும். பதிப்புரிமையும் வீடு, நிலம், கார் மாதிரி ஒரு சொத்து, இறந்தவரிடம் இருந்து வாரிசுகளுக்கு வரும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், தாத்தா பாட்டியும் இல்லை என்றால், நம் மலேசியாவின் 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக. நீங்கள் ஒருவர் போடும் கையெழுத்து தங்கையின் பங்கையும் அம்மாவின் பங்கையும் விற்காது. நிர்வாகக் கடிதம், அதாவது லெட்டர் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், எடுத்தீர்களா? அப்பாவின் வங்கிக் கணக்குக்கோ வீட்டுக்கோ அப்போது எடுத்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள். நிர்வாகியாக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டிய ஆள்.

ஆயுள் எவ்வளவு என்றால், பாட்டு எழுதியவர் இருக்கும் காலமும் அவர் இறந்த பிறகு 50 வருடமும். அப்பா 2011 என்றால் 2061 முடியும் வரை ஓடும். ஒலிப்பதிவு வேறு கணக்கு, வெளியான வருடத்தில் இருந்து 50. 1994 கேசட் என்றால் 2044 வரை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆயிரம் வழக்கு இங்கேதான் வழுக்குகிறது. வரியும் மெட்டும் ஒரு சொத்து, அதைப் பாடிப் பதிந்த ஒலி இன்னொரு சொத்து. ஒலிப்பதிவுக்கு யார் ஏற்பாடு செய்தாரோ அவர்தான் அதற்கு உரிமையாளர். ஸ்டூடியோவுக்கு அப்பா சொந்தக் காசு கட்டினாரா, கேசட் கம்பெனி எதுவும் செலவு செய்ததா? அப்பா கட்டினார் என்றால் இரண்டு சொத்தும் உங்கள் குடும்பத்துடையது. ரசீதைத் தேடுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26வது பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. ஒருவர் உங்களிடம் சொல்லி எழுத வைத்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை எழுதச் சொன்னவருக்கே போய்விட்டதாக அது எடுத்துக்கொள்ளும். முதலாளியிடம் வேலை பார்க்கிறவர் அந்த வேலையின் பகுதியாக எழுதினாலும் முதலாளிக்கே. கிராணி வேலையில் பாட்டு எழுதுவது சேராது, அதனால் தோட்ட நிர்வாகம் வந்து நிற்க முடியாது. ஆனால் கோயில் கமிட்டி? கமிட்டி கேட்டு, காசு கொடுத்து அப்பா எழுதிய பாட்டு எத்தனை? ஐம்பது வெள்ளியும் ஒரு வேட்டி துண்டும் கொடுத்திருந்தால் அது கூலியா மரியாதையா என்று வாதாட இடம் இருக்கிறது, இருந்தாலும் அந்தப் பாட்டுகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். பழைய கமிட்டித் தலைவர் உயிரோடு இருந்தால் 'இந்தப் பாட்டுகளில் எங்களுக்கு உரிமை இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், இப்போதே, இதில் காசு இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதற்கு முன்னால்.

பதிப்புரிமை பதிந்தால்தான் பிறக்கும் என்பது இல்லை, எழுதியபோதே பிறந்துவிட்டது. ஆனால் மைஐபிஓவில், அதாவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், விருப்பப் பதிவு என்று ஒன்று 2012ல் இருந்து இருக்கிறது. சத்தியப் பிரமாணத்தோடு படைப்பின் பிரதியையும் சேர்த்து மனு செய்ய வேண்டும். நாளைக்கு நீதிமன்றத்தில் அந்தப் பதிவேட்டின் நகல் முதல் சாட்சியாக நிற்கும், பொய் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். நாற்பதுக்கும் செய்ய வேண்டாம், ஓடுகிற பாட்டுக்குச் செய்யுங்கள்.

இன்னொன்று. உரிமை மாற்றமோ அனுமதியோ எழுத்தில் இல்லாவிட்டால் நம் சட்டத்தில் செல்லாது. போனில் "சரி சார், பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் பயப்பட வேண்டாம்.

கிள்ளான்_தவில் எழுதியது:

அக்கா சட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் வயிற்றுப்பாட்டைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறேன், சொந்தமாக முப்பது பாட்டுக்கு மேல் போட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நாற்பதில் சினிமா மெட்டு எத்தனை? நம் தோட்டத்துக் கவிஞர்கள் பாதிப் பேர் ரேடியோவில் வந்த மெட்டுக்குத்தான் அம்மன் பாட்டு எழுதினார்கள். அது அன்றைக்கு யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் காசு என்று வரும்போது அந்த மெட்டு உங்களுடையது இல்லை, மெட்டுக்காரர் அனுமதி இல்லாமல் அந்த வரியை வைத்துச் சம்பாதிக்க முடியாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரியுங்கள். சொந்த மெட்டு பத்து தேறினாலும் அந்தப் பத்துதான் சொத்து.

வருமானம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரே பாட்டில் இருந்து நாலைந்து குழாய். ரேடியோ, டிவி, உணவகம், ஹோட்டல், மேடை இப்படிப் பொதுவில் ஒலிக்கும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வரவேண்டியதை வசூல் செய்வது எம்ஏசிபி. ஒலிப்பதிவு உரிமையாளருக்கு பிபிஎம், பாடகர், வாத்தியக்காரருக்கு ஆர்பிஎம். மூன்றும் வேறு வேறு. வாரிசாக நீங்கள் போய்ப் பதிய வேண்டியது எம்ஏசிபியில், கேசட் பதிவு உங்களுடையது என்று உறுதியானால் பிபிஎம்மிலும். உறுப்பினராகிப் பாட்டைப் பதியாவிட்டால், மின்னல் எஃப்எம்மிலும் ராகாவிலும் நாள் முழுக்க ஓடினாலும் உங்கள் வீட்டுக்கு ஒன்றும் வராது, யார் பாட்டு என்றே அவர்களுக்குத் தெரியாதே. கோயிலில் பாடுவதற்குக் காசு எதிர்பார்க்காதீர்கள், நுழைவுக் கட்டணம் வாங்காமல், லாப நோக்கம் இல்லாத அமைப்பு தர்ம காரியத்துக்குப் பாடினால் சட்டமே விட்டுவிடுகிறது. உங்கள் அப்பாவும் அதைக் கேட்டிருக்கமாட்டார்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எல்லாம் நேராகப் போக முடியாது, டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி ஒரு விநியோகஸ்தர் மூலமாகப் போட வேண்டும். அவர்கள் கொண்டுவருவது ஒலிப்பதிவுக் காசு. கேசட்டை நல்ல டெக்கில் ஓட்டி டிஜிட்டல் ஆக்கி, இரைச்சல் நீக்கிப் போடுங்கள், அந்தப் பழைய ஒலிக்கே இப்போது பையன்கள் மத்தியில் ஒரு மயக்கம் இருக்கிறது.

இந்த யூடியூப் விஷயத்தில் அவசரப்பட்டு வீடியோவைத் தூக்க வைக்காதீர்கள். எல்லாரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். யூடியூபில் யார் பாட்டு என்று அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி என்கிற ஏற்பாட்டில் உரிமையாளருக்கு மூன்று வழி: வீடியோவை மறிக்கலாம், சும்மா கண்காணிக்கலாம், அல்லது விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பலாம். ஓடுகிற வீடியோ ஓடட்டும், காசும் பெயரும் இந்தப் பக்கம் வரட்டும். அவர்கள் புதிதாகப் பாடிப் பதிந்தது அவர்கள் ஒலி, வரியும் மெட்டும் உங்களுடையது, ஆகவே பங்குதான் பேச வேண்டும். பெயர் போடாமல் விட்டது தனி உரிமை மீறல். 25வது பிரிவில் படைப்பாளியின் பெயரைச் சொல்லும் உரிமை இருக்கிறது, அவர் இறந்த பிறகு அவருடைய சட்டப்படியான பிரதிநிதி அதைக் கேட்கலாம். பேரம் பேச உட்காரும்போது இந்தச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

என் நிஜக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கனவு காணாமல் இருக்க. எம்ஏசிபியில் சேர்ந்த முதல் வருடம் எனக்கு வந்தது 186 வெள்ளி. மனைவி சிரித்தாள். ஆனால் ஒரு குறும்படத்துக்கு ஒரே பாட்டு, இரண்டு நிமிடம், ஒரு தடவை பயன்படுத்த 800 வெள்ளி கொடுத்தார்கள், பாட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதே பாட்டை அடுத்த வருடம் ஒரு கல்யாண மண்டப விளம்பரத்துக்கு மறுபடியும் கொடுத்தேன். படத்தோடு சேர்க்கிற இந்த உரிமத்தில்தான் நம் மாதிரி சின்ன ஆட்களுக்குக் கொஞ்சம் சதை இருக்கிறது. வரியைப் பற்றிப் பயமும் வேண்டாம், இசையமைப்புக்கு வரும் ராயல்டியில் வருடம் 20,000 வெள்ளி வரை எனக்கு விலக்கு, அந்த எல்லையைத் தொடும் நாள் வந்தால் இங்கே எல்லாருக்கும் பசியாற நான் வாங்கித் தருகிறேன்.

அந்த நிறுவனத்துக்கு என்ன சொல்ல வேண்டும்? விற்பனை இல்லை, உரிமம். ஒரே பாட்டு. ஐந்து வருடம். அதற்கு முன்பணமாக ஒரு தொகை, அதற்கு மேல் வருவதில் சதவீதம். வருடம் இரண்டு தடவை கணக்கு, சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் பார்க்கிற உரிமை. அப்பா பெயர் திரையில். மற்றப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்களுக்குப் பாட்டு வேண்டாம், மொத்தக் காடுதான் வேண்டும் என்று அர்த்தம். நம் ஆட்கள் மூன்று தலைமுறையாக அடுத்தவன் மரத்தில் பால் வெட்டிப் பழகியவர்கள், சொந்தமாக ஒரு மரம் இருந்தால் அதையும் விறகு விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தெலுக்இந்தான்_அக்கா எழுதியது:

பாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. மசாலாவைப் பற்றிச் சொல்கிறேன், அதில் நான் சூடு பட்டவள்.

எட்டு வருடம் முறுக்கு, ஓமப்பொடி, ஊறுகாய் செய்து ஒரு பெயரில் விற்றேன். பெயரைச் சொல்லவில்லை, இப்போது அது என்னுடையது இல்லை. என் சரக்கை எடுத்துக் கடைகளுக்குப் போட்ட ஏஜெண்டு அந்தப் பெயரைத் தன் பெயரில் பதிந்துவிட்டார். மைஐபிஓ ஒரு பெயரை ஏற்றுக்கொண்டால் அதன் அரசிதழில் வெளியிடும், ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம். அரசிதழ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, நான் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். முதலில் பயன்படுத்தியவள் நான்தான் என்று பழைய ரசீதுகளை வைத்து வழக்குப் போடலாம் என்றார்கள், வக்கீல் செலவைக் கேட்டுவிட்டுப் புதுப் பெயர் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் சாப்பிடவில்லை.

அதனால் தம்பி, பட்டர்வொர்த்காரரிடம் அடுத்த வார்த்தை பேசுவதற்கு முன்னால் பெயரைப் பதியுங்கள். ஆன்லைனிலேயே செய்யலாம். மைஐபிஓ தேடல் பக்கத்தில் அதே மாதிரி பெயர் இருக்கிறதா என்று இலவசமாகப் பாருங்கள். சரக்குகளை 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், மசாலாத் தூள் 30வது வகுப்பு, ஊறுகாய் 29. அவர்களே தயாராக வைத்திருக்கும் சரக்குப் பட்டியலில் இருந்து எடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி, நீங்களாக எழுதினால் 1,100. பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால் போதும். 'சுவையான மீன் மசாலா' மாதிரி சரக்கையே வர்ணிக்கிற பெயர் கிடைக்காது. பதிந்துவிட்டுத் தொடர்ந்து மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டாலும் இன்னொருவர் நீக்கச் சொல்லி மனுப் போடலாம்.

பதிந்த பிறகு பெயரை உரிமமாகக் கொடுக்கலாம், பாக்கெட்டுக்கு இவ்வளவு அல்லது விற்பனையில் இத்தனை சதவீதம் என்று. நான் இப்போது சிரம்பானில் ஒரு கடைக்கு அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். அதிலே ருசி கெட்டால் பறித்துக்கொள்ளும் உரிமை கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அவன் மிளகாய்த் தூளில் எதைக் கலந்தாலும் திட்டு அம்மா பெயருக்குத்தான்.

செய்முறையை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். செய்முறைக்குப் பதிப்புரிமையும் உதவாது, எழுதி வைத்த வாசகத்தைத்தான் அது காக்கும், மல்லி இவ்வளவு சோம்பு இவ்வளவு என்கிற அளவை இல்லை. ரகசியமாக இருக்கிற வரைக்கும்தான் அது சொத்து. நான் என்ன செய்கிறேன் தெரியுமா? முக்கியமான ஐந்து சாமானை வீட்டிலேயே வறுத்துக் கலந்து, பொடியாக மூட்டை கட்டி அனுப்புகிறேன். அவர்கள் மல்லியும் மிளகாயும் சேர்த்து அரைத்துக்கொள்கிறார்கள். ராயல்டியும் வருகிறது, அந்த மூட்டையில் ஒரு லாபமும் வருகிறது, ரகசியம் என் சட்டியிலேயே இருக்கிறது.

இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெயரோடு சேர்த்து, கடை இப்படி இருக்க வேண்டும், ஆள் இப்படி உடுத்த வேண்டும், நான் வந்து மேற்பார்வை பார்ப்பேன், அதற்குக் கட்டணம் என்று போனால் அது பிரான்சைஸ் ஆகிவிடும். 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டப்படி அதைப் பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம், ஒப்பந்தமும் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. அது பெரிய ஆட்டம். ஜொகூர் பாருவில் 1981ல் ஒரு கோழிக்கடையாக ஆரம்பித்த மேரிபிரவுன் அந்த வழியில்தான் சென்னை வரைக்கும் போனது. நமக்கு இப்போதைக்குப் பட்டர்வொர்த் போதும்.

செம்பனை_78 எழுதியது:

மச்சான் விஷயத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். டிக்டாக்கில் எப்போது போட்டார்? பேட்டண்டுக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்கு, முதல் விதியே புதுசாக இருக்க வேண்டும் என்பது, ஊருக்கே காட்டிவிட்டால் புதுசு போயிற்று. ஆனால் மலேசியாவில், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் 12 மாதத்துக்குள் மனுப் போட்டால் மன்னிப்பு உண்டு. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. ஆகவே தேதியைப் பார்த்துவிட்டு ஓடுங்கள். முழு பேட்டண்ட் 20 வருடம். ஆனால் இந்த மாதிரி சின்ன மாற்றத்துக்கு யுடிலிட்டி இன்னவேஷன் சான்றிதழ் பொருத்தம், அதற்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருக்க வேண்டியதில்லை, புதுசாகவும் தொழிலுக்கு உதவுவதாகவும் இருந்தால் போதும். 10 வருடம், அப்புறம் ஐந்து ஐந்தாக இரண்டு தடவை நீட்டலாம். கிடைத்தால் தானே பட்டறை வைக்க வேண்டாம், கம்பு செய்கிற பட்டறைக்காரருக்கு உரிமம் கொடுத்து கம்புக்கு இரண்டு வெள்ளி வாங்கட்டும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபியே அப்படித்தான், சந்தாஸ் என்கிற மோட்டார் அறுவாளை அவர்கள் கண்டுபிடித்தார்கள், செய்து விற்பது கம்பெனிகள்.

சும்மா ஒரு கதை. சிப்புட்டில் இருந்து கோலகங்சார் பக்கம்தானே, அங்கே நிற்கிற பழைய கித்தா (ரப்பர்) மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1876ல் ஹென்றி விக்காம் என்கிற வெள்ளைக்காரர் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 விதையைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார், அதில் முளைத்த கன்றுகளில் சில அடுத்த வருடம் இந்தப் பக்கம் வந்தன. விதை யாருடைய காட்டில் இருந்து வந்ததோ அவர்களுக்கு ராயல்டி என்கிற பேச்சே அன்றைக்கு இல்லை. நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி வந்தது அந்த விதையால்தான். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் எடுத்தவன் சொத்து, அன்றைக்கும் இன்றைக்கும்.

மீட்டர்_மணி எழுதியது:

சரி சரி, நான் தோற்றேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், பாட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்று யாராவது வந்தால் துரத்திவிடுங்கள். அது பெரிய இடத்து விளையாட்டு. டேவிட் போவி என்கிற பாட்டுக்காரர் 1997ல் தன் பழைய பாட்டுகளின் வருங்கால ராயல்டியைப் பத்திரமாக்கி 55 மில்லியன் டாலர் வாங்கினார், பாட்டு கடைசி வரை அவருடையதாகவே இருந்தது, கெட்டிக்காரத்தனம்தான். இங்கேயும் 2013 பட்ஜெட்டில் மலேசியா டெப்ட் வெஞ்சர்ஸ் மூலமாக 200 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கி அறிவுசார் சொத்தின் பேரில் கடன் என்றார்கள். நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன், மசாலா பாக்கெட்டின் பெயரை மதிப்புப் போடுங்கள் என்று மேனேஜரிடம் கொண்டுபோயிருந்தால் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்.

பெயர் விஷயத்தில் அக்கா சொன்னதற்கு ஒரு கூடுதல். பெரிய ஆள் மிரட்டினால் உடனே பணிய வேண்டும் என்பதும் இல்லை. கோலாலம்பூரில் மெக்கறி என்று ஒரு நம்மாள் சாப்பாட்டுக்கடை மீது மெக்டோனல்ட்ஸ் வழக்குப் போட்டு, எட்டு வருடம் இழுத்து, 2009ல் கடைசியில் ஜெயித்தது மெக்கறிதான். மலேசியன் சிக்கன் கறியின் சுருக்கம் என்றார்கள், கோர்ட்டும் கடை வேறு, சாப்பாடு வேறு, யாரும் குழம்பமாட்டார்கள் என்று விட்டுவிட்டது.

சிப்புட்_பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

தங்கையும் அம்மாவும் நானும் உட்கார்ந்து கேசட்டை முழுக்கக் கேட்டோம். தவில் அண்ணே, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பன்னிரண்டில் ஐந்து சினிமா மெட்டு. அம்மா ஒவ்வொன்றுக்கும் எந்தப் படம் என்று சொல்லச் சொல்ல என் முகம் சுருங்கியது. ஆனால் உறுமிக்காரர்கள் எடுத்த பாட்டு முழுக்க அப்பாவுடையது. அது எப்படித் தெரியும் என்றால், என் தங்கை தொட்டிலில் அழுதபோது ஆட்டிக்கொண்டே போட்ட மெட்டாம், அம்மா அப்போதுதான் சொன்னார். தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பாவின் தகரப் பெட்டியில் ஸ்டூடியோ ரசீது கிடைத்தது. கார்பன் தாளில் எழுதியது, 1994, அவர் பெயரில், 1,400 வெள்ளி. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். நிர்வாகக் கடிதம் அம்மா பெயரில் வீட்டுக்காக அப்போதே எடுத்திருக்கிறோம், ஆக அந்த நிறுவனம் பேச வேண்டிய ஆள் நான் இல்லை, அம்மா. போனை அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு பாட்டு, ஐந்து வருடம், 1,500 முன்பணம், அப்புறம் பாதிப் பங்கு, பெயர் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மறுநாள் திரும்பக் கூப்பிட்டு 1,000, நாற்பது சதவீதம் என்று இறங்கி வந்திருக்கிறார்கள். பெயரை மட்டும் அன்றைக்கே வீடியோவின் கீழே போட்டுவிட்டார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.

மசாலாப் பெயருக்குத் தேடிப் பார்த்தேன், 30வது வகுப்பில் யாரும் இல்லை. சனிக்கிழமை மனுப் போடுகிறோம். பட்டர்வொர்த்காரரிடம் மூட்டைக் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சரி என்றார். மச்சானின் வீடியோ பத்து மாதம் முந்தியது, ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சந்தேகம், பைல்கட்டு அக்கா. கோயில் கமிட்டிப் பழைய தலைவர் கடிதம் தருகிறேன் என்றார், ஆனால் அதில் 'திருவிழாவில் இந்தப் பாட்டுகளை எப்போதும் இலவசமாகப் பாடலாம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?

பைல்கட்டு எழுதியது:

தாராளமாகச் சேருங்கள், 'அந்தக் கோயில் திருவிழாவில்' என்று எழுதி, கோயிலின் பெயரையும் போடுங்கள். பதிவு செய்து வெளியிடுவது இதில் சேராது என்று அடுத்த வரி. அப்புறம் அந்தக் கார்பன் ரசீதை இன்றைக்கே போட்டோ எடுத்து, இரண்டு நகல் போட்டு, சத்தியப் பிரமாண ஆணையரிடம் உண்மை நகல் முத்திரை வாங்கி வையுங்கள். முப்பது வருடத்துக் கார்பன், ஒரு மழைக்காலம் போதும்.